வாங்காத அரிசிக்குக் கொசுறு

ஏலே, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பாத. ஒனக்கு வச்சிருந்த முட்டையில பாதிய அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டா, அதுக்கு இவ்வளவு நேரமா உர்ருன்னு கெடக்க. போர்வைய இழு. கதை சொல்றேன். ஆனா ஒழுங்கா "ம்" கொட்டணும். கொட்டலன்னா பாதியிலயே நிறுத்திட்டு நான் தூங்கிருவேன், அப்புறம் அக்கா அக்கான்னு உலுக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா இருந்தா. பேருலதான் சீனி. வயித்துக்குள்ள பூரா மொளகா. யாருக்காவது ஒண்ணு கூடக் கெடச்சிட்டாப் போதும், காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி அவ வயிறு "சுர்ர்ர்"னு சத்தம் போடும். அடுத்த வீட்டுல பூசணி பூத்தா சுர்ர். எதுத்த வீட்டு ஆடு ரெட்டைக்குட்டி போட்டா சுர்ர்ர். எவளோ ஒருத்தி மாமியா செத்து ஊரே வந்து அழுதா, "எங்க மாமியாளுக்கு இம்புட்டுக் கூட்டம் வரலையே"ன்னு அதுக்கும் சுர்ர்ர்ர்.

ம் கொட்டு.

அவ கெட்டவ இல்ல. வீட்டுல அரிசி உண்டு, கோழி உண்டு, புருசனும் ரெண்டு மவனுங்களும் உண்டு. மூணு பேரும் வருவானுவ, திம்பானுவ, கையக் கழுவிட்டுப் போயிருவானுவ. "நீ சாப்பிட்டியா"ன்னு ஒருத்தன் கேட்டதில்ல. கேட்டா வாயி வெந்தா போயிரும்? கேக்க மாட்டானுவ. அப்புறம் அவளே சட்டிய வழிச்சுத் தின்னுக்கிடுவா. வயிறு ரொம்பும். மொளகா மட்டும் அப்படியே கெடக்கும்.

அந்த ஊர்ல தவசி அண்ணாச்சின்னு ஒருத்தரு மளிகைக் கடை வச்சிருந்தாரு. தெருவ விட ஒசரமான கடை, படி ஏறித்தான் போகணும். உள்ள அரிசி, பருப்பு எல்லாம் சாக்கோட வாயத் தொறந்து வச்சிருப்பாரு. நாமளே அள்ளிப் பாத்து, மோந்து பாத்துத் தராசுல போடலாம். வாங்கி முடிச்சதும் கொசுறு போடுவாரு. ஒரு கை பொரிகடலை, இல்லன்னா ஒரு கொத்துக் கருவேப்பிலை. சும்மாதான். ஆனா சாமான் வாங்குனாத்தான் கொசுறு. அதான் வழக்கம்.

சீனியம்மா கடைக்குப் போறதே அதப் பாக்கத்தான். யாருக்கு எம்புட்டுக் கொசுறுன்னு கண்ணாலயே எடை போட்டுருவா.

"அண்ணாச்சி, அவளுக்குக் கருவேப்பில கொத்தா, எனக்கு வெறும் ஈர்க்கா? நான் ரசம் வைக்கவா, பல்லு குத்தவா?"

"ஆத்தா, நீயே எடுத்துக்கோ. என்னைய விடு"ன்னு அண்ணாச்சி கும்பிடுவாரு.

அப்போ அந்தத் தெருவுக்குப் புதுசா ஒருத்தி வந்தா. பேரு முப்பிடாதி. இடுப்புல ஒரு பிள்ள. புருசன் செங்கச் சூளைக்குப் போனான். போனவன் போனவன்தான். அவளுக்குப் பால் வத்திப்போச்சு. அந்தப் பிள்ள அழுதா "ங்ஙே"ன்னு வராது, பூனைக்குட்டி மாதிரி "மிய்யி"ன்னு வரும்.

ஒரு நாள் காலையில அவ கடைப்படி ஏறினா. அரிசிச் சாக்குப் பக்கத்துல நின்னா. அள்ளிப் பாக்குற மாதிரி அள்ளினா. திரும்பக் கொட்டுற மாதிரி கைய எறக்கி, சரக்குன்னு மடியில போட்டுக்கிட்டா.

யாரு பாத்திருப்பா? ஆமா, சீனியம்மாதான்.

"களவாணி! களவாணி! அண்ணாச்சி, ஓடியாங்க!"

திடுதிடுன்னு அண்ணாச்சி வந்தாரு. கடையில இருந்தவங்க எல்லாம், அடி ஒண்ணு விழும்னு வேடிக்கை பாக்க ஒதுங்கி நின்னாங்க.

"மடிய விரிம்மா."

விரிச்சா. ஒரு கை அரிசி.

"எதுக்கு?"

"கஞ்சிக்கு."

"பிள்ளைக்கா, ஒனக்கா?"

"பிள்ளைக்கு. அது குடிச்ச சட்டியக் கழுவி நான் குடிச்சுக்கிடுவேன்."

அண்ணாச்சி சாக்குல கைய விட்டு இன்னொரு கை அள்ளி அவ மடியில போட்டாரு. "ஒரு கை அரிசியில தண்ணிதான் கொதிக்கும். இதக் கொசுறுன்னு வச்சுக்கோ. இனிமே எடுக்காத, கேளு"ன்னாரு.

சீனியம்மா வயிறு "சுர்ர்ர்ர்"னுச்சு. "வாங்காத அரிசிக்குக் கொசுறா? இது எந்த ஊரு நாயம்?"

என்னலே முழிக்க? கேட்டாக் குடுப்பாருல்ல, பெறகு எதுக்குக் களவாங்கணும்னுதான? எனக்குத் தெரியும், கேப்பன்னு. முப்பிடாதி முன்னாலயே கேட்டுப் பாத்தவ. ஒரு வீட்டுல வேலை கேட்டா, கைப்பிள்ளைக்காரி வேண்டாம்னு வெரட்டுனாங்க. ஒரு வீட்டுல கடன் கேட்டா, கதவ டமார்னு சாத்துனாங்க. ஒரு வீட்டுல பழைய சோறு கேட்டா, நாய அவுத்து விட்டாங்க. மூணு எடத்துல கேட்டவளுக்கு நாலாவது எடத்துல வாயி வராது. கைதான் வரும். களவு தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா எப்படி வருதுன்னு சொல்றேன்.

ம்.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சுப் பிள்ளைக்குக் காய்ச்சல். முட்டை குடுத்தாத் தெம்பு வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. முப்பிடாதி கடைக்கு வந்தா. வாயத் தொறந்தா. மூடினா. தொறந்தா. மூடினா. அப்புறம் ஒரு முட்டைய எடுத்து மடியில செருகிக்கிட்டா.

சீனியம்மா அதப் பாத்துட்டா. இந்தத் தடவை கத்தல. கத்துனா அண்ணாச்சி இன்னொரு முட்டை குடுத்துருவாருல்ல? அதனால நேரா நடந்து வந்து, தெரியாம இடிக்கிற மாதிரி இடுப்பால ஒரு இடி.

டப்!

முப்பிடாதி சேலையில மஞ்சளும் வெள்ளையுமா வழியுது. சளக் சளக்குன்னு தரையில சொட்டுது. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்காங்க. அவ ஓடல. தரையில குத்த வச்சு, ஒடைஞ்ச முட்டைய வெரலால வழிச்சுப் பிள்ள வாயில வைக்கப் போனா.

சிரிப்பு நின்னுபோச்சு.

அண்ணாச்சி அவ கையப் பிடிச்சுத் தடுத்தாரு. நல்ல முட்டையா ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. அப்புறம் ஒரு சாக்குத்துணிய எடுத்து சீனியம்மா பக்கம் தூக்கிப் போட்டாரு. "ஒடைச்சவ தொடை."

சீனியம்மா தொடைச்சா. தொடைக்க தொடைக்க வயிறு சுர்ர்ர், சுர்ர்ர்ர். களவாணிக்கு முட்டை, காசு குடுக்கிறவளுக்குச் சாக்குத்துணி!

அன்னைக்கே தெருப் பொம்பளைங்கள எல்லாம் கூட்டிட்டா. "ஏட்டி, நாமெல்லாம் காசு குடுத்து வாங்குறோம். அவ ஓசியில வாங்குறா. அப்ப நாம கிறுக்கச்சிகளா?" கூட்டமா கடைக்கு வந்து நின்னாங்க. "அவ படி ஏறுனா நாங்க வேற கடைக்குப் போயிருவோம்"னாங்க.

அண்ணாச்சிக்கும் பிழைப்பு ஓடணும்ல? தலையச் சொறிஞ்சாரு. "சரி. இனிமே கடையில எவ களவாண்டாலும் படி ஏறக் கூடாது. போதுமா?"

போதும்னு எல்லாரும் போயிட்டாங்க. சீனியம்மாவுக்கு அன்னைக்குத்தான் வயித்துல சத்தமே இல்ல. கொர்ர்ருன்னு தூங்கினா.

அப்போ மறுநாள் காலையில என்னாச்சு தெரியுமா? முப்பிடாதி படிக்குக் கீழ பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கா. ஏறல. அண்ணாச்சி கடையத் தொறந்தாரு. மொத போணிக்கு முன்னால, ரெண்டு கை நெறைய அரிசிய அள்ளிக்கிட்டு மடமடன்னு படி எறங்கி வந்தாரு.

"சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே அவ மடியில போட்டாரு.

"அண்ணாச்சி! நீங்க சொன்ன சொல்லு?"ன்னு சீனியம்மா குதிச்சா.

"அவ படி ஏறக் கூடாதுன்னுதான சொன்னீங்க. நான் படி எறங்கக் கூடாதுன்னு எவளும் சொல்லலையே"ன்னாரு.

தெனமும் இதே கூத்து. தெனமும் "சாப்பிட்டியாம்மா?" சீனியம்மாவுக்கு அரிசி கூடப் பெருசாத் தெரியல. அந்தக் கேள்விதான். அத அவகிட்ட மட்டும்தான கேக்காரு? சுர்ர்ர்ர்ர்! ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தா. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தா. களவாண்டாத்தான் கேப்பாரா? சரி, நானும் களவாங்குறேன்!

சிரிக்காத. நெசமாவே போனா.

போறதுக்கு முன்னால நல்லாத் தின்னா. வெறும் வயித்தோட களவாங்கப் பயமா இருந்துச்சு அவளுக்கு. கம்மங்கூழு ஒரு சட்டி, கருவாடு, மேல ரெண்டு வாழைப்பழம். அப்புறம் கடைக்கு வந்து அரிசிய அள்ளி மடியில போட்டா. ஒருத்தரும் பாக்கல. "உக்கும், உக்கும்"னு இருமினா. "சளி பிடிச்சிருக்கா மதினி? ஓமத்தண்ணி குடிங்க"ன்னுட்டு ஒருத்தி போயிட்டா.

அப்புறம் பருப்ப அள்ளினா. அண்ணாச்சி கண்ணு முன்னாலயே அள்ளினா. அவரு இவளப் பாத்தாரு, ஆனா பாக்கல. சீனியம்மா களவாங்குவான்னு யாரு நெனப்பா? களவாணின்னு கூட அவள ஒரு பய திரும்பிப் பாக்கல.

அழுகையே வந்துருச்சு. ஆத்திரத்துல ஒரு முழுத் தேங்காய எடுத்து மடியில திணிச்சா. அது நிக்குமா? ரெண்டு எட்டு வைக்கல, தொப்புன்னு விழுந்து, கடகடகடன்னு உருண்டு அண்ணாச்சி காலுல போயி முட்டுச்சு.

"என்னது இது?"

"களவு, அண்ணாச்சி."

"வெளையாடாத."

"நெசமாவே களவு! இந்தா அரிசி, இந்தா பருப்பு"ன்னு மடியக் கொட்டிக் காட்டினா.

அண்ணாச்சி அவள மேலயும் கீழயும் பாத்தாரு. "நீ சொல்லி வச்ச வழக்கம்தான். எறங்கு"ன்னாரு.

அவ்வளவுதான், சந்தோசமா குடுகுடுன்னு எறங்கிப் போயி, முப்பிடாதி பக்கத்துல மடிய விரிச்சுக்கிட்டு நின்னா. தெருவே வேடிக்கை பாக்குது. அண்ணாச்சி அரிசியோட எறங்கி வந்தாரு. முப்பிடாதி மடியில போட்டாரு. அப்புறம் இவ முன்னால வந்து நின்னு, ஒரு மாதிரிக் கொரலுல கேட்டாரு.

"சாப்பிட்டியா, சீனியம்மா?"

எம்புட்டு நாளா காத்துக்கெடந்த கேள்வி! இல்லைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தா. உள்ள இருந்து வந்தது என்ன தெரியுமா?

ஏஏஏவ்வ்வ்!

கம்மங்கூழும் கருவாடும் சேந்த ஏப்பம். தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க. "புளியேப்பக்காரி களவாங்க வந்துட்டா டோய்!"னு கத்துறாங்க. அண்ணாச்சி படி ஏறிப் போயிட்டாரு.

சீனியம்மா மண்ணப் பாத்துக்கிட்டு நின்னா. விரிச்ச மடி விரிச்சபடியே இருக்கு.

அப்போ முப்பிடாதி சொன்னா, "ஏன் சிரிக்கீங்க? பசியிலயும் ஏப்பம் வரும். எனக்கு வரும்."

சொல்லிட்டு, தன் மடியில இருந்த அரிசிய ரெண்டாப் பிரிச்சு, சீனியம்மா மடியில போட்டா. "பிடி, அக்கா. வீட்டுல யாரும் கேக்குறதில்ல போல. நான் கேக்குறேன். கஞ்சி வச்சுக் குடி, என்ன?"

சீனியம்மா கண்ணு சும்மா இருக்குமா? பழக்க தோசம், நிறுத்துப் பாத்துருச்சு. அவ மடி, இவ மடி. அவ மடி, இவ மடி. இவ மடியிலதான் கூட இருந்துச்சு.

ஆயுசுல மொத தடவையா அவளுக்குக் கூட வந்திருக்கு. குடுத்தது யாரு? களவாணி.

வயித்துல சத்தம் வரும்னு பாத்தா. வரல. "ரெண்டு பேருக்கும் பத்தாதேட்டி"ன்னா. "பிள்ளைக்குப் பத்தும்"னா முப்பிடாதி.

நாய அவுத்து விட்டது எந்த வீடுன்னு நான் சொன்னனா? சொல்லல. சீனியம்மா வீடுதான். முப்பிடாதிக்கு அது மொதல்ல இருந்தே தெரியும்.

ஏலே, தூங்கிட்டியா? ம் சொல்லு. சரி.

அப்புறம்தான் வந்துச்சு சத்தம். சுர்ர்ர்ர்ர்ர்! இதுவரைக்கும் வராத பெரிய சத்தம். "அடியேய்! குடுக்குறதுலயும் இந்தக் களவாணி என்னைய முந்திட்டாளே!"ன்னு ஒரே ஓட்டமா வீட்டுக்கு ஓடினா. சொளகு நெறைய அரிசி, கக்கத்துல கெக்கெக்கேன்னு கத்துற முட்டைக்கோழி, எல்லாத்தையும் கொண்டாந்து முப்பிடாதி முன்னால எறக்கினா.

"இப்ப யாரு கூடக் குடுத்தா? சொல்லு! எல்லாரும் பாத்துக்கோங்க, நான்தான் கூட!"

அண்ணாச்சி மேல நின்னு சிரிச்சாரு. "சரி ஆத்தா, நீ படி ஏறு"ன்னாரு.

"நான் மட்டுமா? களவாண்டது ரெண்டு பேரு. அவளுக்கு இல்லாத ஏத்தம் எனக்கு வேண்டாம்"னு சொல்லிட்டு, முப்பிடாதி கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறினா. வேற கடைக்குப் போயிருவோம்னு சொன்ன பொம்பளைங்க எல்லாம் வழிய விட்டு ஒதுங்கி நின்னாங்க. மறுநாளு இருந்து முப்பிடாதி களையெடுக்கப் போனா. பிள்ளைய சீனியம்மா வச்சுக்கிட்டா. சாயங்காலம் வேலையில இருந்து வந்ததும் முப்பிடாதி மொதல்ல கேக்குறது, "பிள்ள சாப்பிட்டானா?" ரெண்டாவதா, "நீ சாப்பிட்டியாக்கா?"

"அது ஏன் ரெண்டாவதாக் கேக்க?"ன்னு சீனியம்மா சண்டைக்கு நிப்பா. சுர்ர். அது போகாது. அவ செத்தாத்தான் போகும்.

என்னலே, ஒன் வயித்துல என்னமோ சத்தம் கேக்குது? பசியா, பொறாமையா? பசின்னா சொல்லு, அடுப்படியில கஞ்சி இருக்கு. பொறாமைன்னா பேசாம திரும்பிப் படு. பக்கத்து வீட்டுப் பிள்ள அழுகுற சத்தம் இன்னைக்குக் கேக்கல பாரு.

கதை படி எறங்கிப் போயிருச்சு. கண்ண மூடு.