கருவாயன் முதுகில் பட்ட கடி

ஒரு காட்டாற்றின் கரையில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. கடியும் பிறாண்டலும் இல்லாத நாளே அங்கே கிடையாது. ஒரு பழத்துக்கு நாலு பேர் கட்டிப் புரளுவார்கள்!

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் மாறாது. யார் யாரைக் கடித்தாலும், பொழுது சாய்வதற்குள் கடித்தவன் போய்க் கடிபட்டவனுக்குப் பேன் பார்க்க வேண்டும். கடிபட்டவன் முதுகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தோடு அன்றைய சண்டை தீர்ந்தது. குரங்குக்கு முதுகின் நடுவில் கை எட்டாது. அங்கே உண்ணி ஏறினால் அடுத்தவன் கைதான் கதி. அதனால் யாரும் யாரையும் ஒரேயடியாகப் பகைத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் செம்பன், கருவாயன் என்று அண்ணன் தம்பி இருவர். தாயைச் சிறுத்தை அடித்துப் போட்ட பிறகு, தம்பியைத் தூக்கிச் சுமந்து வளர்த்தவன் செம்பன்தான். பெரியவர்களானதும் செம்பன் பாதிக் கூட்டத்தோடு அக்கரைக்குக் குடிபோனான். அங்கே நாவல் மரங்கள் இருந்தன. சாயங்காலம் ஆனால் பாறைகள்மேல் தாவி இக்கரைக்கு வருவார்கள். ஒருவருக்கொருவர் பேன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இக்கரைக்குக் கருவாயன் தலைவன் ஆனான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆறு வற்றியது. நாவல் பூக்கவே இல்லை. அத்தியிலும் காய் குறைந்தது. அக்கரையார் பசியோடு அத்திமரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

"இருக்கிற காய் நமக்கே பத்தாது! அவனுங்க எதுக்கு இங்கே வரணும்?" என்றான் கருவாயன்.

"என்ன பேச்சு பேசறே? அவங்க நம்ம ஆளுங்கதானே!" என்றாள் சிலுப்பி. அவள் கருவாயனின் சித்தி மகள்.

"நம்ம ஆளா? அவனுங்க வாலைப் பாத்தியா? நம்ம வாலைவிடக் குட்டை!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. ஆனால் வயிறு காய்ந்தவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது!

"ஆமா, கொஞ்சம் குட்டைதான்" என்றான் ஒருவன்.

"நான் அப்பவே நெனச்சேன்!" என்றான் இன்னொருவன்.

காலையில் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள் சாயங்காலத்துக்குள் 'குட்டைவாலர்கள்' ஆகிவிட்டார்கள். அட கடவுளே, அவ்வளவு சுலபம்!

கருவாயன் அதோடு விடவில்லை. "இனிமே குட்டைவாலனுக்கு எவனும் பேன் பாக்கக் கூடாது! பாத்தா கையைக் கடிச்சுத் துப்பிடுவேன்!" என்றான்.

"காய் இல்லேங்கறே, சரி. பேன் பாக்கறதுல உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்டாள் சிலுப்பி.

"பேன் பாத்த கைக்கு அடிக்க மனசு வராது. அதான்!"

பாவி, உண்மையைத்தான் சொன்னான். மனசு இளகும் வழி எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் முதலில் அடைத்தான்.

சில நாள் போயிற்று. பேன் பார்க்கும் கைகள் பாதியாகக் குறைந்ததால் இரண்டு கரையிலும் முதுகெல்லாம் உண்ணி. ஒரு சாயங்காலம் கருவாயன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வற்றிய ஆற்றில் இறங்கினான்.

"சத்தம் போடாம வாங்க! ஒவ்வொருத்தனாப் பிடிச்சா கதை முடிஞ்சது!" என்றான்.

அக்கரைப் பாறையில் செம்பன் உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில் தம்பி வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பழைய வழக்கப்படி சமாதானம் செய்ய வருகிறான் என்றே நினைத்தான்.

"வந்துட்டியா! இத்தனை நாள் என்னடா வீம்பு?" என்று சிரித்தான். சிரித்தபடியே திரும்பி உட்கார்ந்து முதுகைக் கொடுத்தான். "இந்தத் தோளுக்குக் கீழே பாருடா. உண்ணி உயிரை வாங்குது."

கருவாயனின் கை தானாக அண்ணன் முதுகுக்குப் போனது. ஒரு கணம் மயிரை விலக்கவும் செய்தது. பின்னால் அவன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பிடரியைக் கவ்வினான்.

"டேய், நான்டா!" என்றான் செம்பன்.

தம்பிக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துவிட்டான். சாகும்போதும் அப்படித்தான் நினைத்தான். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். மரங்களிலிருந்து குட்டிகள் விழுந்தன. அக்கரையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தக் களேபரத்தில் யாரோ கருவாயனின் முதுகின் நடுவே ஒரு கடி கடித்துவிட்டார்கள்.

"அத்தி முழுக்க நமக்கே!" என்று கூட்டம் கத்திக்கொண்டு திரும்பியது.

மழையும் வந்தது. அத்தி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆனால் கருவாயன் முதுகில் ஈ மொய்த்து, புண்ணில் புழு வைத்தது. கை எட்டவில்லை.

"யாராச்சும் வந்து பாருங்களேன்!" என்று கதறினான்.

சிலுப்பிக்கு அவன்மேல் ஆத்திரம்தான். ஆனாலும் கேட்கச் சகிக்காமல் வந்தாள். அவன் பின்னால் உட்கார்ந்து மெல்லத் தொட்டாள். கருவாயனுக்கு மயிர் சிலிர்த்தது. சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டினான்.

"கடிக்கத்தானே வந்தே!"

"புழு எடுக்க வந்தேன். திரும்பி உக்காரு."

திரும்ப முயன்றான். பாதியிலேயே மறுபடி அவள் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகைக் கொடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

"நீ முன்னால நின்னு எடு!" என்றான்.

"முதுகுப் புண்ணுல முன்னால நின்னு எப்படிப் புழு எடுக்கறது?"

அவன் பின்னுக்கு நகர்ந்தான். அவள் எழுந்து போனாள். அவன் மரத்தில் தேய்த்தான், பாறையில் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கப் புண் பெருத்தது. அத்தி பழுத்துக் கொட்டிய நாளில், பழங்களுக்கு நடுவே செத்துக் கிடந்தான்.

அவன் போனான், அவன் கற்றுக்கொடுத்தது போகவில்லை. அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் முதுகைக் கொடுக்கவில்லை. சிலர் மரத்தை விட்டே இறங்கிவிட்டார்கள். பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வருவது யார் என்று பார்க்கப் பின்னங்காலில் எழுந்து நின்றார்கள். சும்மா இருந்த கையில் ஒரு தடி ஏறியது. சாய்ந்து சாய்ந்து வாலும் தேய்ந்து போயிற்று. எந்த வாலுக்காக அண்ணனைக் கொன்றானோ அந்த வால்!

அவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? உங்கள் முதுகெலும்பின் அடியில் தடவிப் பாருங்கள். தேய்ந்த வாலின் அடிக்கட்டை கைக்குத் தட்டுப்படும்.

நம்பி முதுகைக் கொடுத்தவனைக் கடித்தவன், தன் முதுகை எவரிடமும் நம்பிக் கொடுக்க முடியாமலே சாவான்.