ஆறுமுகனுக்கு ஆறு பச்சைக் கண்ணாடி

“நீங்க எழுதி ஒட்டினதைத்தானே அக்கா செஞ்சோம்? எழுதினதைச் செஞ்சா தப்புன்னா, எழுதாததைச் செஞ்சா மட்டும் அது சரியா?”

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒண்டிமுத்து என்னைக் கேட்டது இது. நான் ஒரு எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவனுக்குப் பின்னால் சிங்காரமும் வேதமுத்துவும் நியாயம் தங்கள் பக்கம் என்ற முகத்தோடு நின்றார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து நாற்பது வருஷ அனுபவம் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். எந்த வேலையில் அனுபவம் என்று அவர் சொன்னதில்லை.

துவாக்குடியில் எங்களுடையது வால்வுப் பட்டறை. பாய்லர் கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு வால்விலும் லேசர் மெஷினால் நம்பர் பொறிக்க வேண்டும். நம்பர் இல்லாத வால்வை அவர்கள் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து நாற்பது வால்வைப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டு வாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை.

இந்த நேரம் பார்த்து மெஷின் மங்கலாக எழுத ஆரம்பித்தது. இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் தூசியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடி மெஷின் பராமரிப்புக்கு நான்கு விதி சொன்னார். நான் கொட்டை எழுத்தில் எழுதி, திங்கட்கிழமை மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் விதி: ‘மஞ்சள் கோட்டுக்குள் யாரும் பச்சைக் கண்ணாடி இல்லாமல் இருக்கக் கூடாது.’

லேசர் வெளிச்சம் கண்ணைப் பறித்துவிடும். அதற்காக மெஷினைச் சுற்றி மஞ்சள் கோடு, அலமாரியில் ஆறு பச்சைக் கண்ணாடி. மூவரும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார்கள். அதுவரை சரி. சிங்காரம் மட்டும் அண்ணாந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“டேய், யாரும்னு போட்டிருக்கு. மேல பாரு. முருகன் வெறுங்கண்ணோட இருக்காரு.”

மெஷினுக்கு மேலே சுவரில் ஆறுமுகன் படம், கதவு அகலம். போன ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் மாட்டியது.

“சாமிக்குக் கண்ணு கெடுமா?” என்றான் ஒண்டிமுத்து.

“சாருக்கே கெட்டுப்போச்சு.”



“படத்தைக் கழட்டி ஆபீஸ்ல வெச்சிட்டா?” என்று கேட்டான் வேதமுத்து.

“கழட்டுன்னு தாள்ல இருக்கா?”

தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார்கள். இல்லை.

“ஆறு முகம், ஆறு கண்ணாடி,” என்று சிங்காரம் விரல் விட்டுச் சொன்னான். “சார் எண்ணித்தான் வாங்கியிருக்காரு.”

“எங்க அந்தோணியாரா இருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும்,” என்றான் வேதமுத்து.

ஏணி போட்டு, முகத்துக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கடைசிக் கண்ணாடி வேதமுத்து போட்டிருந்தது. அதையும் கழற்றி ஆறாவது முகத்துக்கு மாட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடிவந்தான். வழியில் முழங்காலில் தள்ளுவண்டி இடித்ததைத் தவிர ஒரு சேதமும் இல்லை. அன்றிலிருந்து முருகன் உள்ளே பத்திரமாக இருந்தார், இவர்கள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

இரண்டாம் விதி: ‘லென்ஸைக் கையால் தொடாதே. மெல்லிய துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடை.’

எட்டடி ஒட்டடைக் கம்பு நுனியில் துணியைக் கட்டி, கோட்டுக்கு வெளியே இருந்தே துடைத்தார்கள். முதலில் சுவர்க் கடிகாரம் சுத்தமானது. அடுத்து டியூப் லைட். மூன்றாவதாக லென்ஸ். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே துடைத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் சிங்காரம் கையைத் தட்ட, கம்பு கோட்டுக்குள் விழுந்துவிட்டது.

“எடுக்கணும்னா உள்ள போகணும்.”

“உள்ள போகணும்னா கண்ணாடி வேணும்.”

“கண்ணாடி வேணும்னா உள்ள போகணும்.”

இதைக் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு மூவரும் சாப்பிடப் போனார்கள்.

நல்லவேளையாக, கம்ப்யூட்டர் கோட்டுக்கு வெளியே இருந்தது. வால்வுகளை மோட்டார் உருளை மேல் வரிசையாக ஏற்றிவிட்டால் போதும். அவை தாமாக உள்ளே போய் எழுத்து வாங்கிக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். நல்லவேளை என்று அவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் விதி: ‘ஒவ்வொரு வால்வுக்கும் முன்னால் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பார்.’

பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமைதான் எல்லாக் கழிவையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார். பட்டறையில் இருந்த இரும்பெல்லாம் நல்ல இரும்பு.

“கழிவு இல்லியே,” என்றான் ஒண்டிமுத்து.

“இல்லேன்னா உண்டாக்கணும்,” என்றான் சிங்காரம். “தோசை ஊத்தணும்னா மாவு ஆட்டுறதில்லையா?”

பெரிய சம்மட்டியை எடுத்து ஒரு நல்ல வால்வைப் போட்டு அடித்தார்கள். அரை மணி நேரம் ஆனது. “நம்ம சரக்கு அவ்வளவு லேசுல கெடாது அக்கா, தரம்,” என்று இதைச் சொல்லும்போதும் வேதமுத்து நெஞ்சை நிமிர்த்தினான். கெட்ட வால்வில் அடித்துப் பார்த்தார்கள். எழுத்து கறுப்பாக, தெளிவாக விழுந்தது. பிறகு ஒரு நல்ல வால்வில் நம்பர். அடுத்த வால்வுக்கு முன்னால் இன்னொரு கழிவு வேண்டுமே, மறுபடி சம்மட்டி. வியாழன் சாயங்காலம் நாற்பதில் இருபது கழிவு, இருபது வால்வு. மூன்று பேருக்கும் தோள்பட்டை வீங்கியிருந்தது.

நான்காம் விதி: ‘செய்த ஒவ்வொரு வேலையையும் அழியாதபடி எழுதி வை.’

அதற்கு ஒரு நோட்டு இருந்தது. வியாழக்கிழமையே மெஷினைக் குளிர வைக்கும் தண்ணீர் அதன் மேல் கொட்டி, நான்கு நாள் வேலையும் நீலமாக ஓடிவிட்டது.

“நோட்டுல எழுதினா அழியுது,” என்றான் சிங்காரம். “நம்ம பட்டறையில அழியாம எழுதுற சாமான் எது?”

மூவரும் மெஷினைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருபது வால்வையும் திரும்ப உருளையில் ஏற்றினார்கள். நம்பருக்குக் கீழே நிறைய இடம் இருந்ததாம். ஒண்டிமுத்து டைப் செய்யத் தொடங்கினான்.

நான் இன்ஸ்பெக்டருக்குக் காபி பிளாஸ்க்கோடு உள்ளே நுழைந்தபோது வெளியே வந்து கிடந்த வால்வில் இப்படி இருந்தது: ‘செவ்வாய் 11.10. லென்ஸ் துடைக்கப்பட்டது. துடைத்தவர் சிங்காரம். இந்த வரி எழுதப்பட்டது. எழுதியவர் ஒண்டிமுத்து. மேற்படி வரி எழுதப்பட்டதும் எழுதப்பட்டது.’

“எழுதுறதும் ஒரு வேலைதானே அக்கா,” என்றான் ஒண்டிமுத்து.

அங்கேதான் சண்டை தொடங்கியது. அது முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் பொன்னம்பலம் வந்துவிட்டார். ஒல்லியான, சத்தமே போடாத மனிதர். ஒரு வால்வைக் குனிந்து படித்தார். அடுத்ததைப் படித்தார். ஐந்தாவதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆறு பச்சைக் கண்ணாடியோடு நின்ற முருகனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுல எதையும் நான் எடுத்துக்க முடியாதும்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் எனக்குப் பழைய பழக்கம். நம்பர் மட்டும் இருக்கிற வால்வு, ஒண்ணே ஒண்ணு சுத்தமா காட்டுங்க. அதை மாதிரியா வெச்சு ஒரு மாசம் கெடு வாங்கித் தர்றேன்.”

உருளையைப் பார்த்தேன். இருபதாவது வால்வு இன்னும் மெஷினுக்குள் போகவில்லை. மூன்றடி தூரத்தில், நம்பரைத் தவிர ஒரு கீறல் இல்லாமல், கோட்டுக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

“டைப் பண்றதை நிறுத்து,” என்றேன்.

“நிறுத்தினா நிறுத்தினேன்னு எழுதணும் அக்கா. நான் கையை எடுத்தாலும், முன்னாடியே அனுப்பின வரியெல்லாம் மெஷின்ல வரிசையில நிக்குது. மெஷின்ல சிவப்பு பட்டனை அமுக்கினாத்தான் நிக்கும்.”

“போய் அமுக்கு.”

“கண்ணாடி?”

“மெயின் சுவிட்ச்?”

“அதுவும் கோட்டுக்குள்ள.”

“கம்பு?”

மூவரும் கோட்டுக்குள் கிடந்த கம்பை மரியாதையாகக் காட்டினார்கள்.

வால்வு மெஷினின் வாய்க்குள் நுழைந்தது. வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள், நான் எல்லோரையும் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேன். சிங்காரம் தாளைப் பார்த்தான். வேதமுத்து முருகனைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் காபியை ஆற்றினார்.  ஒண்டிமுத்துவின் விரல்கள் மட்டும் ஓடின. அவசரமானதை வரிசைக்கு முன்னால் அனுப்ப முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுபக்கம் வால்வு வெளியே வந்தது. நம்பருக்குக் கீழே, கறுப்பாக, தெளிவாக:

‘வெள்ளி 11.26. யாராவது அந்த மெஷினை நிறுத்துங்களேன். கேட்டவர் அக்கா.’