நட்சத்திரத்துக்குப் பிரசவம் பார்த்த ஊர்

மூளையை இனாமாகக் கொடுத்தாலும் ஊமத்தம்பட்டிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். இருக்கிறதே செலவாகாமல் கிடக்கும்போது இன்னொன்று எதற்கு?

தை அமாவாசையன்று பொழுது சாய்ந்ததும், டவுனிலிருந்து எஸ்தர் டீச்சர் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்தில் வானத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இதுக்குள்ள தெரியுற இடத்துலதான் புது நட்சத்திரங்க பிறக்குது. எப்படி இருக்குன்னு பார்த்துச் சரியாச் சொன்னா இது உங்க ஊருக்கே. இல்லைன்னா மேலப்பட்டிக்குப் போயிடும்."

சொல்லிவிட்டு டீச்சர் சாப்பிடப் போனார்.

மேலப்பட்டிக்கா! தலைவர் வெள்ளையப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு குனிந்தார். மச்சினன் சங்கிலி அவரைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, பிரசவம் நடக்குதாம். ஆம்பளை எட்டிப் பார்க்கலாமா?"

"நல்லவேளை சொன்ன. உங்க அக்காவுக்கு வலி வந்தப்பவே நான் டீக்கடையிலதான் இருந்தேன்."

"பஜ்ஜிகூடச் சாப்பிட்டீங்க."

"அதனாலதான் சுகப்பிரசவம்."

ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தொலைநோக்கிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

"வெந்நீர் வேணுமே!" என்றான் சங்கிலி. அண்டா நிறையக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, தொலைநோக்கிக்கு நேர் கீழே வைத்தார்கள். ஆவி ஏறிக் கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது. அப்புறம் தலைவர் பெண்டாட்டி பவளக்கொடியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

"என்னடி தெரியுது?" திரும்பாமலே கேட்டார் தலைவர்.

"ஒரே புகை. ஒரு மண்ணும் தெரியல."

டீச்சர் திரும்பி வந்ததும், "புகை டீச்சர், ஒரே புகை!" என்று கத்தினார்கள்.

"அட, அப்படியேதான் இருக்கும்! நட்சத்திரம் பிறக்குற மேகம் புகை மாதிரிதான் தெரியும். சரியாச் சொல்லிட்டீங்க," என்று தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், அவர் அண்டாவைச் சோறு வடிக்க வைத்ததென்று நினைத்துக்கொண்டார்.

"பிள்ளை பிறந்தாச்சு. தாய்மாமன் எங்கே?" என்றார் தலைவர்.

"வேற யாரு, நிலா மாமாதான்," என்றான் சங்கிலி.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அமாவாசை. ஆளைக் காணோம்.

"எங்க அக்கா பிள்ளைக்கு நான் வெள்ளி அரைஞாண் போட்டேன்," என்று சங்கிலி பொருமினான். "இவனுக்கு வந்து பார்க்கக்கூட வலிக்குதா?"

மூன்றாம் பிறையன்று மேற்கே மெல்லிசாக நிலா தெரிந்தது.

"வெறுங்கையோட வந்து ஓரமா நிக்கிறதைப் பாரு!" என்று காறித் துப்பினார் தலைவர்.

இன்றைக்கும் ஊமத்தம்பட்டியில் தொலைநோக்கியை நிலாப் பக்கம் திருப்ப விட மாட்டார்கள். ஏனென்று கேட்டால், "அந்த வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை," என்பார்கள்.