இலை வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில், இலைகளுக்கும் வாய் இருந்தது. ஒவ்வோர் இலையும் தன் நுனியால்தான் பேசும். ஆனால் ரொம்ப மெதுவாகப் பேசும். ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அரை நாள் ஆகிவிடும். மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை எப்போது இருந்தது? சரளமாகப் பேசிய மரங்களோடு மட்டும் பேசிவிட்டு, இலைகளை விட்டுவிட்டார்கள்.

ஏரிக்கரை ஊர் ஒன்றில் சடைச்சி என்பவள் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தாள். அவள் கணவன் வீரணன் ஏரிமடைக்குக் காவல். அவள் சுற்றிய சுருட்டு எந்நேரமும் அவன் வாயில் இருக்கும். ஓர் ஐப்பசி மழையில் கரை உடைந்தது. இறங்கி உடைப்பை அடைத்து முடித்தவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஊர் பிழைத்தது.

மடை காத்துச் செத்தவனுக்கு, மாதம் ஒன்று கழித்துக் கரைமேல் கல் நட்டுப் படையல் போடுவது அந்த ஊர் வழக்கம். படையல் சுருட்டு அவிழாமல் கடைசிவரை புகைந்தால், செத்தவன் மனம் ஆறிக் கல்லில் அமர்வான். பாதியில் அவிழ்ந்தால் தண்ணீரிலேயே அலைவான். அதனால் அந்தச் சுருட்டைச் சடைச்சியே சுற்ற உட்கார்ந்தாள்.

அழகாகத்தான் சுற்றினாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மேலே சுற்றிய இலையின் நுனி மெல்ல எழும்பியது. பிறகு முழுதும் அவிழ்ந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அவிழ்ந்தது.

வீரணனின் தம்பி பேச்சன் வந்து நின்றான். "மதினி, ஊரே கரையில காத்துக்கிட்டு நிக்குது. இன்னுமா ஆகலை?"

"நான் என்ன செய்வேன் தம்பி? நரம்பு ஓடுற பக்கமாத்தான் சுத்துறேன். ஈரம் இருக்குற மட்டும் நிக்குது. காஞ்சதும் வாயைப் பிளக்குது. உங்க அண்ணன் தண்ணியில கிடந்து அலையணும்னு இதுக்கு என்ன வன்மமோ!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுவதற்கு நாராவது உரிக்கலாம் என்று, சுருட்டையும் இலை நறுக்கும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கரையிலிருந்த கருவேல மரத்திடம் போனாள். அதுவரை அந்த மரத்தை யாரும் கீறியதில்லை. "என்னம்மா வேண்டும்?" என்று அது கேட்டது. சடைச்சி கத்தியை எடுத்தாள். ஓங்கிக் கீறினாள்.

பட்டை பிளந்த இடத்தில் பொன்னிறமாக ஏதோ கசிந்து அவள் விரலில் ஒட்டியது. அதைத் தொட்டு இலையின் நுனியில் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். விரலுக்கடியில் நுனி ஒருமுறை துடித்தது. பிறகு அடங்கிவிட்டது.

"அது ஏன் அவிழ்ந்தது என்று கேட்டாயா?" என்றது கருவேலம்.

"எதுக்குக் கேக்கணும்?"

"வெள்ளத்தில் போகும்போது வீரணன் உன்னைப் பற்றி ஏதோ சொன்னான். தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவன் வாயிலிருந்த சுருட்டுக்குத்தான் கேட்டது. அது இலைக்கு இலை சொல்லி, உன் கையிலிருக்கும் இலைவரை வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அது வாயைத் திறந்து திறந்து பார்த்தது."

சடைச்சி சுருட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். பிசின் இன்னும் காயவில்லை. நகத்தால் லேசாக நெம்பினால் போதும், நுனி திறந்துவிடும். ஆனால் திறந்த வாய் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கவே அரை நாளாகும். அதற்குள் படையல் நேரம் போய்விடும். அவன் தண்ணீரிலேயே அலைவான்.

நகத்தை நுனியில் வைத்தாள். வைத்தபடியே நெடுநேரம் நின்றாள். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவோ ஆசை.

"மதினி!" என்று பேச்சன் கல் நட்ட இடத்திலிருந்து கூப்பிட்டான்.

அவள் நகத்தை எடுத்துவிட்டாள். "இந்தா தம்பி, வையி. இனி அவிழாது."

சுருட்டு கல்லின் முன் கடைசிவரை புகைந்தது. வீரணன் வந்து அமர்ந்துவிட்டான் என்று ஊர் கும்பிட்டது. சடைச்சி மட்டும் கும்பிடாமல், புகை போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வந்த வாயையே ஒட்டிவிட்டார்கள் என்று அன்று முதல்தான் இலைகள் பேசுவதை விட்டன. கீறிய இடத்தில் கருவேலம் பிசின் வடிக்கத் தொடங்கியதும் அன்றுதான். சுருட்டுச் சுற்றுகிறவர்கள் இன்றும் நுனிக்குப் பிசின் தொடுவதற்குமுன், சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் மெல்ல உருட்டிப் பார்க்கிறார்கள். கேட்டால், இலை பதமாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்கள்.