நூறு கடல் நாட்கள்

கதையைக் கேளுங்கள், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கடலோர ஊரொன்றில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக வேண்டுமானால் நிலையத்தின் கப்பலில் நூறு நாள் கடலுக்குப் போயிருக்க வேண்டும். வயதும் ஐம்பதைத் தாண்டக் கூடாது. விதியில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கப்பலில் இருந்தது ஒரே கழிப்பறை. படுக்கையும் எல்லோருக்கும் ஒரே கூடத்தில். அதனால் பெண்களை ஏற்றுவதில்லை என்பது வழக்கமாகிவிட்டது.

முனைவர் ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கப்பல் கொண்டுவரும் கடல்நீரையும் மீன் குஞ்சுகளையும் இருபது வருஷமாகக் கரையில் உட்கார்ந்து ஆராய்ந்தவர். நிலையத்துக்குப் பேர் வாங்கித் தந்த கண்டுபிடிப்புகளில் பாதி அவருடையவை. கடல் நாள் கணக்கு மட்டும் பூஜ்யம். தலைமைப் பதவி காலியானபோது, அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு.

இயக்குநர் திருமலையப்பன் நல்ல மனிதர். ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு மட்டும் அந்த நூறு நாளைத் தள்ளுபடி பண்ணிடறேன் மேடம். தேர்வுக் குழு ஒத்துக்கும்."

போட்டியில் இருந்த சண்முகவேல் இருநூறு நாள் கடல் பார்த்தவர். அவர் தன் விண்ணப்பத்தையே திரும்ப வாங்க இயக்குநரிடம் வந்தார். "அவங்க பண்ண ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேரா என் பேர் வந்திருக்கு சார். இப்பவாவது ஒதுங்கிக்கிறேன்."

ஜெசிந்தா இரண்டையும் மறுத்தார். "கப்பல் இந்த வருஷம் பழுது பார்க்கப் போகுது. பெண்களுக்கு ஒரு அறையும் கழிப்பறையும் கட்டச் சொல்லுங்க. நான் ஏறாமலே தலைவர் ஆயிட்டா, பெண்கள் ஏறாமலே காரியம் நடக்குதேன்னு கப்பலை அப்படியே விட்டுடுவீங்க."

"அனுமதி வாங்கிக் கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகுமே. அதுக்குள்ள உங்க வயசு தாண்டிடும்."

"தெரியும் சார்."

வீட்டுக்குப் போய் அவர் வெகுநேரம் அழுதார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

சலுகை தர வந்தவர், விட்டுக்கொடுக்க வந்தவர், இரண்டையும் மறுத்தவர். இவர்களில் யார் செய்தது சரி?

என் விடை இது. இயக்குநரின் சலுகை ஒருவரோடு முடிந்திருக்கும். அடுத்து வருகிற பெண் இன்னொரு நல்ல மனிதருக்காகக் காத்திருக்க வேண்டும். சண்முகவேலுக்குப் பெரிய மனசுதான், ஆனால் அவர் விலகுவதால் கப்பலில் ஓர் ஆணிகூட அசையாது. ஜெசிந்தா செய்ததே சரி. பதவி சண்முகவேலுக்குப் போனது. அறைக்கான கோப்பின் பின்னால் விடாமல் அலைந்தவரும் அவர்தான். இன்று நான்கு பெண்கள் அந்தக் கப்பலில் கடலுக்குப் போகிறார்கள். ஜெசிந்தா பதவி பார்க்காமலே ஓய்வு பெற்றார். ஓர் அறைக்காக அவர் தன் பதவியைக் கொடுத்தார். இருபது வருஷம் அதைக் கட்டாமல் இருந்தவர்கள் என்ன கொடுத்தார்கள்?