ஒன்பதாவது அடி

மருதவேலி மன்னர் விசையரங்கருக்குப் பாட்டென்றால் உயிர். குரலும் கணீரென்றிருக்கும். ஆனால் பாட்டில் லயித்துவிட்டால், பிடித்த இடத்தில் ஒரு அடி கூடுதலாக நீட்டிவிடுவார். மிருதங்கக்காரர் தம்புசாமி அதைக் காதிலேயே மோப்பம் பிடித்து, தானும் ஒரு அடி கூட்டி வாசித்துச் சரிக்கட்டிவிடுவார். மன்னருக்கு இது தெரியவே தெரியாது.

தம்புசாமியின் பதவிக்கு ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து வந்தான் கோமளேசன். பெரிய தாளப் புலி. ஒருநாள் பாட்டு முடிந்ததும் எழுந்தான்.

"மன்னா! எட்டடித் தாளத்துக்கு இவர் ஒன்பது அடி வாசிக்கிறார். விரல் விட்டு எண்ணினேன். இவருக்கு இசையறிவே இல்லை!"

மன்னருக்கு மூக்குக்கு மேல் கோபம். "தம்புசாமி, நாளையே ஊரைவிட்டுக் கிளம்பும்!"

தம்புசாமி மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டத் தொடங்கினார். அருகிலிருந்த அமைச்சர் கச்சிராயருக்கு, தாளம் தப்புவது யார் என்று தெரியும். உண்மையைச் சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகும். என்ன செய்வது?

"மன்னா, தண்டனை சரிதான்," என்றார். "ஆனால் சரியான வாசிப்பு எப்படி இருக்கும் என்று சபைக்கும் தெரிய வேண்டாமா? அதே பாட்டைப் பாடுங்கள். கோமளேசர் வாசிக்கட்டும்."

மன்னர் பாடினார். அதே இடம் வந்தது. அதே நீட்டல். கோமளேசன் எட்டு முடிந்ததும் 'தொம்' என்று போட்டான். மன்னர் இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார்! பாட்டு ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். ஆடிய தலையெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

"என்னய்யா இது?" என்றார் மன்னர்.

"மன்னா, நான் எட்டுதான் வாசித்தேன்..."

"அப்படியானால் ஒன்பது பாடியது நானா?"

கோமளேசன் மிருதங்கத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டான். மன்னர் திரும்பினார்.

"கச்சிராயரே, மறைக்காமல் சொல்லும். நான் தாளம் தப்புகிறேனா?"

கச்சிராயர் கைகூப்பினார். "பதினோரு வருஷம் கூடவே வாசித்தவர் ஒருநாள்கூட அதைச் சொல்லவில்லை. வேலை போகும்போதும் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வேன், மன்னா?"

மன்னர் ஒரு கணம் தம்புசாமியையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

கோமளேசனுக்கும் உத்தியோகம் கிடைத்தது. தினமும் விடிந்ததும் மன்னருக்குத் தாளப் பாடம் எடுக்க வேண்டும். பாவம், அதைவிடக் கஷ்டமான வேலை அந்த ராஜ்யத்திலேயே கிடையாது!