பதினேழாம் நம்பர் வண்டி

“ஒடிச்ச கை ஒட்ட வைக்குமா, மேஸ்திரி?”

சங்கரலிங்கம் பட்டறைக்கு வந்த முதல் நாளே கேட்ட கேள்வி இது. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்தொன்பது வயதில் கார் மெக்கானிக் வேலை பழக வந்த மனிதர். ஊரே சிரித்தது. மேஸ்திரி எஸ்தருக்கு முப்பத்தாறு வயது. அவள் சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கையில் கொடுத்தாள்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. கேள்வி அப்படியே கிடந்தது.

எது ஒடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் ஓட்டிய கார் கயத்தாறு தாண்டிப் புளியமரத்தில் மோதி, மனைவி கோமதியின் முழங்கால் நொறுங்கிவிட்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து ஸ்டீரிங்கைத் தொடவில்லை. கோமதியை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. வீட்டுக்குள் கைத்தடிச் சத்தம் கேட்டால் புழக்கடைக்குப் போய்விடுவார். பாவம், அந்த அம்மாள் பேச ஆளில்லாமல் டிவியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று ஏலம். விபத்தில் அடிபட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிகள் பொட்டலில் வரிசையாக நின்றன. எஸ்தர் அதில் ஒன்றிரண்டை எடுத்துச் சரிசெய்து விற்பாள்.

வந்தவர்கள் எல்லாரும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கதவைத் திறந்து சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

“அதுல என்ன இருக்கு, மேஸ்திரி?”

“மோதுன நேரத்துல பெல்ட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே இறுகி நின்னுரும். சுருண்டு கெடந்தா ஆள் போடல. நீண்டு நின்னா ஆளைப் பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருந்தா?”

“ஆளைக் காப்பாத்துன வண்டி அது. அதைத்தான் நான் எடுப்பேன். தகரத்தைத் தட்டி நிமித்திக்கிடலாம், அண்ணாச்சி.”

வண்டிகளின் பட்டியலை அவரிடம் நீட்டினாள்.

“போய்ப் பாத்து எழுதுங்க. தேறும், தேறாது. அவ்வளவுதான்.”

வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்பினார். இருபது வண்டி. பத்தொன்பதுக்கு எழுதியிருந்தார்.

“பதினேழு?”

“அது தேறாது.”

“எழுதலியே.”

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

“பெல்ட்டை இழுத்துப் பாத்தியளா?”

“வேண்டாம் மேஸ்திரி. அது என் வண்டி.”

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய சாம்பல் நிறக் கார். அதை நோக்கி நடந்தாள். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி அவரும் பின்னால் போனார்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள்.

பெல்ட் நீண்டு நின்றிருந்தது. ஒரு ஆள் அளவு. கோமதி அளவு. நெஞ்சுக்குக் குறுக்கே வரும் இடத்தில் ஒரு ஜரிகை இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கென்று அவள் உடுத்தியிருந்த மாம்பழக் கலர் பட்டு.

“அக்கா எப்பவும் பெல்ட்டு போடுவாகளா?”

“எங்க! சேலை கசங்கும்னு ஒரே சண்டை. அன்னிக்கும் மாட்டேன்னுட்டா. கயத்தாறுல வண்டியை ஓரமா நிறுத்தி, அவ வையுத வசவெல்லாம் வாங்கிக்கிட்டு, நான்தான் மாட்டி…”

நிறுத்திக்கொண்டார்.

விபத்து நடந்த நாள் முதல் அவருக்கு ஸ்டீரிங் பிடித்த கை மட்டுமே ஞாபகம் இருந்தது.

“எந்தக் கையால, அண்ணாச்சி?” என்றாள் எஸ்தர்.

அவர் தன் கையைப் பார்த்தார். கிரீஸ் அப்பிய கை. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்ததும் பட்டியலை வாங்கி, பதினேழுக்கு எதிரே எழுதினார்: தேறும்.

எஸ்தர் ஏலம் கேட்கப் போனாள்.

அவர் இழையை மெல்லப் பிரித்துச் சட்டைப் பையில் வைத்தார். போனை எடுத்தார்.

“கோமதி, அந்த மாம்பழக் கலர் சேலை இருக்கா?”

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது. விபத்துக்குப் பிறகு அவர் அவளுக்குப் போன் செய்ததே இல்லை.

“பெட்டியில இருக்கு. ஜரிகை பிஞ்சு போச்சு. ஏன் கேக்கிய?”

“ஒரு இழை எங்கிட்ட இருக்கு. கொண்டாரேன்.”